செரிமானத் திறனா, செரிபடுதன்மையா?

'இத்தீவனத்தின் செரிமானத் திறன் 85 விழுக்காடு' என்று மீன் தீவனத் துண்டறிக்கைகளில் அச்சாகிறது. தீவனத்துக்கு ஏதய்யா செரிமானத் திறன்? குடலும் பித்தநீரும் மீனிடம் இருக்கின்றன. மூட்டையில் இருக்கும் புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் உள்ளது செரிபடும் தன்மை. ஆகவே ஆங்கிலத்தின் digestibility என்பதற்குச் செரிபடுதன்மை என்பதே சரி.

'செரி' தமிழ் வினை. குறள் இதை 'அற்றால் அளவறிந்து உண்க' என்று அறுதலாகச் சொல்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் 'செமிக்கல' என்போம். ஜீரணம் வடசொல், பழுதுபட்ட கோயிலைப் புதுக்கும் ஜீரணோத்தாரணத்தில் இருப்பதும் அதுவே.

'கரைதிறன் இருக்கும்போது செரிதிறன் ஏன் கூடாது?' என்று கேட்பார்கள். கரை என்பதில் உப்பு கரைகிறது, நீர் கரைக்கிறது என இரண்டு வடிவம் உண்டு. கரைதிறன் உப்பினுடையது என்பது சொல்லிலேயே தெரியும். செரி அப்படியில்லை. சோறு செரிக்கிறது, வயிறு சோற்றைச் செரிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வடிவம். 'படு' சேர்த்தால்தான் குழப்பம் தீரும். இல்லையென்றால் குளத்துக்காரர் மீனுக்கு வயிறு மந்தம் என்று நினைத்து நொதி மருந்து வாங்கிக் கொட்டுவார். மாற்ற வேண்டியது தீவனத்தை. இன்னும் சிலர் இதைத் தீவன மாற்று விகிதத்தோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு. நன்றாகச் செரித்தும், குளத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த விகிதம் கெடும்.

அளக்கும் முறையைப் பார்த்தாலே எது யாருடையது என்பது விளங்கும். தீவனத்தில் குடல் உறிஞ்சாத குரோமிக் ஆக்சைடை 0.5 விழுக்காடு கலந்து, ஒரு வாரம் பழக்கியபின் மீனின் எச்சத்தை, அதாவது மலத்தைச் சேகரிக்கிறார்கள். எச்சத்தில் அது 2 விழுக்காடாக ஏறியிருந்தால், தின்றதில் நாலில் ஒரு பங்கே வெளியேறியிருக்கிறது. உலர்பொருள் செரிபடுதன்மை 75. புரதம் தீவனத்தில் 30, எச்சத்தில் 18 என்றால் புரதத்துக்கு 85. எச்சம் தண்ணீரில் ஊறிப் புரதம் 12 ஆகிவிட்டால் கணக்கு 90 காட்டும். மீன் கூடுதலாக ஒன்றும் செரிக்கவில்லை, தண்ணீர் தின்றுவிட்டது. வயிற்றை அமுக்கி எடுத்தாலோ, செரித்து முடியாததும் சளியும் சேர்ந்து எண் குறையும். கட்லா, ரோகுவுக்கு இரைப்பையே கிடையாது, விராலுக்கு உண்டு. ஆகவே எந்த மீனுக்கு எடுத்த எண் என்பதையும் துண்டறிக்கையில் போட வேண்டும். யாரும் போடுவதில்லை.

எச்சத்தில் குடலின் சொந்தக் கழிவும் கலந்திருப்பதால், கிடைப்பது தோற்ற அளவுதான் (ஆங்கிலத்தில் apparent), மெய்யளவு அல்ல. அதைப் போய் 'வெளிப்படையான செரிமானத் திறன் குணகம்' என்று அகராதியைப் புரட்டிப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள்! இதில் ஒளிவுமறைவு எங்கே வந்தது? 'தோற்றச் செரிபடுதன்மை' போதும். 'ச்' மட்டும் விடுபடக் கூடாது. விட்டால் தோற்றுப்போன செரிபடுதன்மை ஆகிவிடும்.