கடிக்கத் தெரிந்தும் கடிக்காத மீன்

நிலாவெளிக் கரையிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குப் போகிறவர்கள் தண்ணீருக்குள் ஆமையையும் சுறாவையும்தான் தேடுவார்கள். ஒரு முருகைக்கல் மேட்டருகே கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்து பாருங்கள். பெரிய கலவாய் ஒன்று வந்து நிற்கும், வாயைப் பிளக்கும். விரல் நீள மீனொன்று, நீல உடம்பில் மூக்கிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு, அந்த வாய்க்குள்ளேயே நுழைந்து பூவுக்குள்ளால், அதாவது செவுளுக்குள்ளால், வெளியே வரும். கலவாய் அதை விழுங்காது.

இதுதான் துப்புரவு மீன். மற்ற மீன்களின் தோலிலும் பூவிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்பது இதன் பிழைப்பு; ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் தின்னும். அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைகளிலிருந்து இவற்றை அகற்றி 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, அங்கே காணப்பட்ட மீனினங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

‘இயற்கையின் அன்பு’ என்று முடித்துவிட வசதியான கதை. ஆனால் இந்த மீனுக்கு உண்ணியைவிட ருசி, வாடிக்கை மீனின் தோலில் படிந்த வழுவழுப்புச் சளி. அதைக் கடித்தால் வாடிக்கை மீன் துள்ளும். கடிக்க ஆசை, கடித்தால் ஆள் போய்விடும். ருடுவான் பிஷாரி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தொட்டியில் இதையே சோதித்தார்கள். தட்டொன்றில் இறாலும், அவ்வளவு பிடிக்காத வேறு தீனும் வைத்தார்கள். இறாலைக் கடித்த கணமே தட்டை இழுத்துவிடுவார்கள். துப்புரவு மீன் பிடிக்காததை முதலில் தின்னப் பழகிக்கொண்டது. இன்னொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒழுங்காக நடக்கிறது என்பதும் 2006இல் தெரியவந்தது. நம்மூர்ச் சந்தி சலூனில் வாங்கில் ஆள் காத்திருக்கும்போது கத்தி எவ்வளவு பக்குவமாக ஓடும், அப்படித்தான்.

எனக்கு உறைத்தது வேறு. தூரத்திலிருந்து வரும் மீனுக்குத் துப்புரவு மீன் இருக்கும் பல இடம் தெரியும். காக்க வைத்தால் அடுத்த பாறைக்குப் போய்விடும். ஆகவே அதற்குத்தான் முதலிடம். அதே பாறையை விட்டு நகராத சின்ன மீன் காத்துக் கிடக்கும். கடிபட்டால் துரத்தத்தான் முடியும், போக இடமில்லை.

மனிதரை மீனாக்கிப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. எங்களுக்குப் பேச்சுண்டு, சட்டமுண்டு. பொதுவளங்களை ஊரார் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரமும் ஒருவரையொருவர் கண்காணிப்பதையும், குற்றத்துக்கேற்ற தண்டனையையும் முக்கியமாகச் சொன்னார். பலர் கூடிக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையில் அது இயல்பாகவே நடக்கிறது: வலையின் மடி கரையேறும்போது இழுத்தவர் எல்லாரும் சுற்றி நிற்பார்கள், எவ்வளவு மீன் என்பது எல்லாருக்கும் தெரியும், பங்கை மறைப்பது கஷ்டம்.

விற்கிற இடத்தில்தான் சிக்கல். வலைக்கும் எஞ்சினுக்கும் மீன் வாங்கும் முதலாளியிடம் கடன்பட்டவர் பிடித்ததை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. பக்கத்து மீன்வாடியில் என்ன விலை போகிறது என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாலும் பெட்டி அங்கே போகாது. கடனை மீனவர் சங்கம் கொடுத்து, மீனை விரும்பிய இடத்தில் விற்கலாம் என்றால், அதே முதலாளி விலையை ஏற்றிக் கேட்க வேண்டிவரும்.