கருவி எழுதிய கோப்பில் யார் பெயர் இருக்க வேண்டும்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), செம்பனைக் குலை எடைக் கணக்கு போன்ற மென்பொருள்களைச் செய்து தரும் இளைஞர்கள், ஒப்படைப்பதற்கு முன் என்னிடம் மென்பொருளின் 'கோடை', அதாவது நிரல் வரிகளை, காட்டுவதுண்டு. பெரும்பாலும் நல்ல வேலை. ஒரு பழக்கம் மட்டும் கவலை தருகிறது. கடைசி நாளில் ஒரு ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓட்டி, எல்லாக் கோப்புகளின் தலையிலும் 'பதிப்புரிமை எங்கள் நிறுவனத்துக்கே' என்று ஒட்டிவிடுகிறார்கள். கருவிகள் தாமாக உருவாக்கிய கோப்புகளும் அதில் சிக்குகின்றன. அங்கே முன்பே இருந்த அறிவிப்பு அழிந்தும் போகிறது.

பைசன் என்ற கருவியையே எடுத்துக்கொள்வோம். கூலி, அலவன்ஸ் விதிகளைக் கிராணி (தோட்ட எழுத்தர்) ஒரு சூத்திரமாக எழுத, அதை மென்பொருள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இது கைகொடுக்கும். நாம் தருவது, சூத்திரம் எப்படி அமைய வேண்டும் என்ற இலக்கண விதிகள். ஆனால் வெளியே வரும் கோப்பில் பைசனின் சொந்தச் சட்டகமும் (எல்லா வெளியீட்டுக்கும் பொதுவான அடிப்படை நிரலும்) நகலாகி வந்துவிடும். அந்தச் சட்டகம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ளது. 1.24க்கு முந்தைய பதிப்புகளில், பைசன் தந்த கோடைக் கட்டற்ற மென்பொருளில் (யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடியதில்) மட்டுமே சேர்க்க முடிந்தது. பிறகு மற்ற மென்பொருளிலும் சேர்க்க அனுமதிக்கும் ஒரு விலக்கு வந்தது. 2006இல் வெளியான 2.2 பதிப்பு அதை இன்னும் விரிவாக்கியது. இன்று நீங்கள் விரும்பிய உரிமத்தில் கொடுக்கலாம். அந்தச் சட்டகத்தை வைத்து இன்னொரு பைசனைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த விலக்கு கோப்பின் தலைப்பிலேயே, ஜிபிஎல் அறிவிப்புக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. அதை அழித்தால் தோட்டத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும் அனுமதியையே அழிக்கிறோம். நாளை வேறொருவர் அந்த மென்பொருளைத் தணிக்கை செய்தால், சட்டகத்தை அடையாளம் கண்டுகொள்வார், அனுமதி மட்டும் கண்ணில் படாது.

எல்லாக் கருவியும் இப்படியல்ல. வயலிலிருந்து அலுவலகத்துக்குக் குலை எண்ணிக்கை அனுப்பும் செயலிகளில், தரவைப் பொதிந்து அனுப்பும் கோடை உருவாக்கித் தரும் புரோட்டோபஃப் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது உருவாக்கும் கோடு, உள்ளீட்டுக் கோப்பின் உரிமையாளருக்கே சொந்தம் என்று அதன் உரிமமே சொல்கிறது. ஆனால் அந்தக் கோடு தனியாக ஓடாது. கூட வரும் நூலகம் (துணை நிரல் தொகுப்பு) பிஎஸ்டி என்ற இன்னொரு உரிமத்தில் உள்ளது, அதன் அறிவிப்பை நீக்கக் கூடாது.

சரி, 'எங்கள் நிறுவனத்துக்கே' என்பதாவது சரியா? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்வித்தவருக்குப் போய்விடும். அதாவது தோட்டத்துக்கு. ஆகவே கொட்டேஷன் கொடுக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நம்முடையதல்லாத சட்டகத்தை மட்டும் எந்த ஒப்பந்தமும் தோட்டத்துக்கு எழுதித் தர முடியாது.

அப்புறம், உருவான கோப்பில் கையால் சேர்த்த வரி அடுத்த முறை கருவியை ஓட்டியதும் காணாமல் போகும். பைசனில் இலக்கணக் கோப்பின் முன்னுரைப் பகுதியில் எழுதினால் அது வெளியீட்டுக்கும் வரும். கோ (Go) என்ற நிரல் மொழியில் தானாக உருவான கோப்புகளுக்கு 'டூ நாட் எடிட்' (திருத்தாதீர்கள்) என்று முடியும் ஓர் அடையாள வரி உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் அந்த வரியைக் கண்டால் கோப்பைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பைசன் கோப்பின் முதல் வரியில் அதன் பதிப்பு எண்ணும் இருக்கும், ஒப்படைப்புப் பட்டியலில் அதைக் குறித்துக் கொடுங்கள்.