கடலோர வெயிலில் ஒரு மரப்பெட்டி

சித்திரை மாதத்துப் பிற்பகல். கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி தான் வளர்க்கும் பச்சை இகுவானாவை (உடும்பு போன்ற வெளிநாட்டுப் பல்லி) ஈரத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். வாயைப் பிளந்தபடி, கால்கள் துவண்டு கிடந்தது. "டாக்டரம்மா, சூடு பத்தலையோன்னு இன்னொரு பல்பு போட்டேன்" என்றார். உடல் சூட்டை மெதுவாக இறக்கி, திரவம் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினோம். (இப்படி ஆனால் ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் நனைத்து, உடனே கொண்டு வாருங்கள்.)

அவர் இகுவானாவை வைத்திருந்த பெட்டியைப் போனில் பார்த்தேன். வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவர் செய்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. முன்னால் கண்ணாடி, மற்ற பக்கமெல்லாம் பிளைவுட், காற்றுக்கு நான்கே நான்கு ஓட்டை. வள்ளத்துக்குள் தண்ணீர் புகாத மாதிரி, பெட்டிக்குள் காற்றும் புகவில்லை.

இணையத்தில் கிடைக்கும் பெட்டி அளவுகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. அறையே 20 டிகிரியில் இருக்கும் வீட்டில் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் அவர்கள் மரத்தைத் தேடுகிறார்கள். நம் பக்கம் மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை 35 டிகிரியைத் தாண்டிவிடும். ஊர்வன வியர்ப்பதில்லை. சூடு தாங்காவிட்டால் குளிர்ந்த பக்கம் நகர்வதுதான் அவற்றுக்கு முக்கிய வழி. அந்தக் குளிர்ந்த பக்கத்தைத்தான் நாம் கட்ட வேண்டும்.

ஆகவே பெட்டி நீளமாக இருக்கட்டும். பால் பைத்தானுக்கு (ball python, ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) 4 அடி நீளம், 2 அடி அகலம். வளர்ந்த இகுவானா வாலோடு 5 அடியைத் தாண்டும். மரமேறி என்பதால் அதற்கு 6 அடி உயரம் வேண்டும், அலமாரி அளவில் யோசியுங்கள். பல்பு ஒரு ஓரத்தில் மட்டும். குளிர்ந்த ஓரத்தில் கீழே நீளமான வலைத் திறப்பு, சூடான ஓரத்தில் மேலே இன்னொன்று. சூடான காற்று மேலே ஏறி வெளியேறும்போது கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம். பல்பைக் கட்டிக்கொண்டு படுத்து வயிறு வெந்த பாம்புகளுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். தெர்மோஸ்டாட் (சூடு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இல்லாமல் பல்பு போடவே வேண்டாம். விலங்கை விடும் முன் காலிப் பெட்டியை நான்கு நாள் ஓடவிட்டு, பிற்பகல் 2 மணிக்கு இரு ஓரத்திலும் சூட்டை அளந்து பாருங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி அளவில் இருந்தால் சரி.

அப்புறம் மரம். எம்.ஆர். என்று விற்கும், ஈரத்தை ஓரளவே தாங்கும் சாதாரண பிளைவுட் நம் உப்புக்காற்றிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் ஈரத்திலும் சீக்கிரம் உப்பிப் பிரியும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கீல், திருகு எல்லாம் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வார்னிஷ் அடித்தால் வாசனை முழுதும் போகும்வரை, இரண்டு மூன்று வாரமானாலும், பொறுத்திருங்கள். ஓடாவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கரையான் மருந்து அடிக்கக் கூடாது. பெட்டிக்குள் அந்துருண்டை, பக்கத்தில் கொசு லிக்விட் இரண்டும் ஆகாது. கடற்கரை மணலை அள்ளி வந்து பரப்பாதீர்கள். உப்பும் உடைந்த சிப்பியும் அதில் இருக்கும்.

கண்ணாடி வழியாக விழும் வெயிலால் எலும்புக்குப் பயனில்லை. வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். அது கிடைக்காமல் தாடை ரப்பர் போல மெத்தென்று ஆகிப்போன இகுவானாக் குட்டிகளைப் பார்ப்பது எனக்கு இன்றும் வேதனைதான். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா? காலை 8 மணிக்கு மேல் அரை மணி நேரம், பாதி நிழல் உள்ள வலைக்கூண்டில் வெளியே வையுங்கள்.

சிலர் நட்சத்திர ஆமைக்குப் பெட்டி கேட்டு வருகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதையும் உடும்பையும் வீட்டில் வைப்பதே குற்றம். நான் அளவு சொல்ல மாட்டேன். பச்சை இகுவானா, பால் பைத்தான் போன்ற, சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பெட்டியின் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்புப் பூஞ்சை தெரிந்தால் விலங்கை வெளியே எடுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அந்தப் பக்கத்து வலைத் திறப்பை இன்னும் ஒரு சாண் பெரிதாக்குங்கள்.