முகத்தைப் பார்த்தால் தெரியாது

சென்னையில் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் போகிறவர்கள் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தைக் கவனித்திருப்பீர்கள். வெறும் கான்கிரீட்டாக நின்ற அந்தக் கட்டடத்தில் சில வருஷங்களுக்கு முன் ஏ-கில், கத்ரா என்ற இரு ஓவியர்கள் பெரிது பெரிதாக முகங்களை வரைந்தார்கள். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து செய்த வேலை அது. எய்ட்ஸ் விழிப்புணர்வு ஓவியம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. "சாதாரண ஜனங்க முகமாத்தானே இருக்கு?" என்பார்கள். விஷயமே அதுதான்.

எய்ட்ஸ் கிருமிக்கான பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறவர்களிடம், பரிசோதனை முடிவு தெரிந்த கையோடு வரும் கேள்விகளில் ஒன்று: "என்னைப் பார்த்தா தெரியுதா மேடம்?" தெரியாது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி உடம்பில் இருந்தும் பல வருஷம் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இதை மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை முறை சொன்னாலும் பாதிதான் மனதில் ஏறுகிறது. தினமும் போகிற வழியில் ஒரு சுவர் சொன்னால் மீதியும் ஏறும் என்பது என் எண்ணம்.

முன்பெல்லாம் இந்த நோய்க்காக வரைந்த படங்கள் எப்படி இருந்தன? மண்டை ஓடு, எலும்பு, பாம்பு. அப்புறம் 2003 வாக்கில் ஊரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு கற்பனை ஆளை வைத்துக் கேட்ட விளம்பரம் வந்தது. டீக்கடை வரை அதைப் பற்றிப் பேச வைத்தது உண்மை. பேச்சு கேலியாகவும் முடிந்தது. பயமும் கேலியும் யாரையும் பரிசோதனைக்கு நிம்மதியாகக் கூட்டி வருவதில்லை.

இந்திரா நகரில் அந்த ஓவியம் இருப்பதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. பக்கத்திலேயே தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதன்முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். எச்.ஐ.வி. சிகிச்சைக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் சுனிதி பின்னால் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் பல காலம் இயங்கியது வி.எச்.எஸ். வளாகத்தில்தான்.

மாத்திரை வாங்க வருகிறவர்களின் பயணத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மையம் இருக்கும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஊரைத் தாண்டிப் போய் வாங்குவார்கள். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரையை வேறு கவரில் மாற்றிக்கொள்வார்கள். இவர்களுக்கு மருத்துவமனை வாசலைவிட ரயில் நிலைய வாசல்தான் முதலில் பயம் தருகிற இடம். ஆகவே அங்கே வரைகிற படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது; அந்தப் பயத்தையும் குறைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தொற்றோடு வாழ்கிறவரின் முகத்தை வரைய ஆசைப்படும் குழுக்கள், அவர் சரி என்று சொன்னதோடு நிறுத்தக் கூடாது. இன்று துணிச்சலாகத் தலையாட்டுகிறவரின் மகளுக்கு நாளை பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும், வாடகை வீட்டின் உரிமையாளர் என்ன சொல்வார் என்பதை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவரின் தொற்று நிலையை அவரது சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்றும், தொற்றைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்றும் 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில். சுவரில் இருக்கும் பெயிண்டை அழிக்கலாம்; தெரு முழுக்கப் பரவிய பேச்சை அழிக்க முடியாது. எந்தச் சுவரானாலும் 1097 என்ற இலவச உதவி எண்ணையும், பக்கத்து நம்பிக்கை மையத்துக்கு வழியையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டவர்களும் எட்ட நின்று படிக்கட்டும்.

அடுத்ததாக எனக்குத் தோன்றும் இடம் தாம்பரம் சானடோரியம். காசநோய் மருத்துவமனையால் பெயர் வாங்கிய ரயில் நிலையம் அது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் அந்த மருத்துவமனையும் ஒன்று. அங்கே என்ன வரையலாம் என்று முதலில் கேட்க வேண்டியது, மாதாமாதம் அந்த நிலையத்தில் இறங்கி மருந்து வாங்கப் போகிறவர்களைத்தான்.