ஃபெனஸ்ட்ரேஷன்: துளையன்று, சாளரம்

மார்புப் பெருந்தமனி வீக்கத்துக்கான சிகிச்சையைப் பற்றிய தமிழாக்கங்களில் ‘பெருந்தமனியில் துளையிட்டுக் கிளைகளைக் காத்தல்’ என்ற தொடரை மீண்டும் மீண்டும் காண நேர்கிறது. மூலச்சொல் ஃபெனஸ்ட்ரேஷன், இலத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் சாளரம்.

மார்பைப் பிளக்காமல், தொடைத் தமனி வழியே உலோகச் சட்டம் பொருத்திய துணிக்குழாயை, அதாவது உறைகுழாயை, செலுத்தி, நலிந்த பெருந்தமனிச் சுவரின் மேல் இரத்த அழுத்தம் படாமல் உள்ளிருந்தே மறைப்பது இச்சிகிச்சை. பெருந்தமனியின் வளைவை ஒட்டி வைக்கும்போது அந்தத் துணி, இடக்கைக்குச் செல்லும் காறையெலும்புக் கீழ்த்தமனியின் வாயையும் அடைத்துவிடலாம். மூளையின் பின்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் முதுகெலும்புத் தமனி அதிலிருந்தே பிரிவதால், பக்கவாதமும் கால்கள் செயலிழப்பதும் நேரும் அபாயம் கூடுகிறது. ஆகவே கிளையின் வாய்க்கு நேராகத் துணியில் ஒரு திறப்பை அமைக்கிறார்கள்.

திறப்பு துணியில் இருக்கிறது, தமனியில் இல்லை. பெருந்தமனியில் துளை விழுவது உயிரைப் பறிக்கும் விபத்து; அதே சொல்லைச் சிகிச்சைக்கும் சூட்டினால், ஒப்புதல் படிவத்தைப் படிக்கும் உறவினர் எதை நினைத்துக் கையொப்பமிடுவார்? குழாயை உள்ளே வைத்த பிறகு லேசராலோ ஊசியாலோ துணியைத் துளைக்கும் முறையும் உண்டே என்று துளைக் கட்சியினர் வாதிடலாம். அங்கும் துளைத்தல் தொடக்கம் மட்டுமே: அதை பலூனால் விரித்து, ஸ்டென்ட் எனும் சிறு உலோக வலைக்குழல் ஒன்றால் கிளையோடு இணைத்த பின்னரே அது வழியாகிறது. துளை தற்செயலாகவும் விழும்; சாளரம் இடமறிந்து வைக்கப்படுவது.

சாளரம் வடசொல் என்று விலக்குவோர் ‘காலதர்’ என்கிறார்கள். ‘மான்கண் காலதர்’ என்று சிலப்பதிகாரம் பாடும் அழகிய சொல்தான். ஆனால் கால் என்பது காற்று, அதர் என்பது வழி, இங்கே செல்வதோ இரத்தம். பலகணியை இன்று பலர் மாடமுகப்பு என்று கொள்கிறார்கள். ஜன்னலோ போர்த்துகீசிய வரவு. தூய்மையைக் காக்கப் புறப்பட்டு நோயாளிக்கு விளங்காத சொல்லில் போய் நிற்பது மருத்துவத் தமிழின் பழைய நோய்; அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுவது அதன் புதிய நோய்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குழாயிலிருந்தே சிறு கிளைக்குழல் நீளும் வகையையும் இதே ‘துளையிட்ட’ என்ற அடைமொழியில் அடக்கிவிடுகிறார்கள். அது கிளைக்குழல் கொண்ட உறைகுழாய். இது சாளரமிட்ட உறைகுழாய். இரண்டும் வேறு கருவிகள் என்பதால் பெயரும் வேறாகவே இருக்க வேண்டும்.