மூக்குப் புள்ளியைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

மண்புழு மாதிரி ஒன்று. மூக்கில் வெளிறிய புள்ளி, வால் நுனியில் இன்னொன்று. பிரேசிலிலிருந்து கைபேசிப் படமாக வந்து சேரும். "எபிக்டியா ஆல்பிஃப்ரான்ஸ்தானே?" என்று கூடவே ஒரு கேள்வி. குட்டிக் குருட்டுப் பாம்பு ஒன்றின் அறிவியல் பெயர் அது. படத்தை மட்டும் வைத்து நான் ஆமாம் சொல்வதில்லை.

முதலில் அது பாம்புதானா? பிரேசிலில் 'கோப்ரா சேகா' என்றால் குருட்டுப் பாம்பு. ஆனால் தவளை இனத்துக்கு உறவான, காலில்லாத சிசிலியனையும், பல்லிக்கு உறவான, உடம்பெல்லாம் வளையம் ஓடும் ஆம்ஃபிஸ்பீனாவையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயிற்றிலும் முதுகிலும் ஒரே அளவில் வழவழப்பான செதில் இருந்தால் குருட்டுப் பாம்பு.

அப்புறம் குடும்பம். நம்மூர்ப் புழுப்பாம்பின் குடும்பத்துக்கு மேல்தாடையில் மட்டும் பல். எபிக்டியா குடும்பத்துக்குக் கீழ்த்தாடையில் மட்டும். பாம்பே பேனா ரீஃபில் பருமன், இதில் வாயைத் திறந்து எங்கே பார்ப்பது? செதிலை எண்ணுவதுதான் வழி. ஆல்கஹாலில் ஊறிய பாம்பை எடுத்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, நுண்ணோக்கியடியில் வைத்து, நடு உடம்பைச் சுற்றி ஊசி நுனியால் வரிசை வரிசையாகத் தொட்டு எண்ணுவேன். ஈரம் இருந்தால் செதிலின் ஓரம் தெரியாது. 14 வந்தால் எபிக்டியா பக்கம். 15 வந்தால் பெரும்பாலும் என் தவறு, மறுபடி முதலிலிருந்து. பிறகு, எந்த இனம் என்று பிரிக்க, தலை: கண்ணுக்கு மேலுள்ள செதில் முன் உதட்டுச் செதிலைத் தொடுகிறதா? மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது.

ஆல்பிஃப்ரான்ஸ் என்றால் 'வெள்ளை நெற்றி'. ஜெர்மன் இயற்கையியலாளர் ஸ்பிக்ஸ் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த பாம்புகளை வைத்து 1824-இல் விலங்கியலாளர் வாக்லர் இட்ட பெயர். அந்த மூல மாதிரி, அதாவது பெயருக்கு அடிப்படையான பாம்பு, பிற்பாடு தொலைந்துபோனது. ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாததால், மத்திய அமெரிக்கா தொடங்கித் தென் அமெரிக்கா வரை புள்ளி வைத்த குட்டிப் பாம்புக்கெல்லாம் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1939-இல் கயானாப் பாம்பு ஒன்றை டெனெல்லா என்று தனி இனமாகப் பிரித்தவர் கிளாபர், தொழிலால் மின்பொறியாளர்! 2009-இல் இந்தக் கூட்டமே லெப்டோடிஃப்லோப்ஸ் என்ற பேரினத்திலிருந்து எபிக்டியா என்ற பேரினத்துக்கு மாறியது. புட்டியில் ஒட்டிய பழைய சீட்டில் வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

சரி, என்ன அனுப்பலாம்? தலையின் பக்கவாட்டுப் படம், வால், இடம், தேதி. கொல்ல வேண்டாம், வால் முள் கையில் குத்தினாலும் விஷமில்லை. என் அலமாரியில் 'எபிக்டியா, இனம் தெரியவில்லை' என்று எழுதிய புட்டிகள்தான் அதிகம்.