சின்ன வீட்டுக்கு சோலார் மானியம்: கையெழுத்துப் போடும் முன்

கூரை சோலார் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். குறைந்த வருவாய்ப் பிரிவு அடுக்ககங்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "78 ஆயிரம் அரசு தருதாமே சார், நாங்களும் போட்டுக்கலாமா?"

தருகிறது, உண்மைதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் 78,000-தான். ஆனால் இந்தப் பணம் முன்னால் வராது. முழுத் தொகையையும் நீங்கள் கட்டி, பேனல் ஏறி, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் காசில்லாதவர்களுக்குப் பிணையில்லாத வங்கிக் கடன் உண்டு. அதற்கும் மாதத் தவணை உண்டு என்பதை வெண்டர்கள், அதாவது பேனல் பொருத்தித் தரும் நிறுவனத்தார், மெல்லத்தான் சொல்வார்கள்.

அதனால் யார் கேட்டாலும் முதலில் ஈபி பில்லைக் காட்டச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 80-க்கு மானியக் கட்டணம். பில் 200 ரூபாயைத் தொடாது. ஒரு கிலோவாட் அமைக்க 65 முதல் 75 ஆயிரம் ஆகிறது. மானியம் போக 35 ஆயிரமாவது சொந்தப் பணம். பில் மொத்தமும் மறைந்தாலும் வருடத்துக்கு மிச்சம் 1,200 ரூபாய். போட்ட பணம் திரும்ப 30 ஆண்டு ஆகும், பேனலின் ஆயுளோ சுமார் 25 ஆண்டு. இந்த வீட்டுக்கு சோலார் விற்பது அநியாயம். 'இலவசம்' என்று வாசலில் வந்து ஆதாரும் கையெழுத்தும் கேட்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் கதை வேறு. அங்கே யூனிட் விலை கூடிய கட்டண அடுக்குக்கு மாறிவிடுவதால் சோலார் நன்றாகவே உதவும்.

அப்படியானால் ஏழைகளின் கட்டடத்துக்கு சோலாரே வேண்டாமா? வேண்டும். ஆனால் போட வேண்டிய இடம் பொது சர்வீஸ். லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் ஓடுகிற அந்த இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. லிப்ட் உள்ள அடுக்ககத்தில் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், நிலைக் கட்டணம் தனி. பராமரிப்புத் தொகை கட்ட முடியாமல் லிப்டை நிறுத்தி வைத்த கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது மாடிப் பாட்டி குடத்தோடு படியேறுவதற்குப் பெரும்பாலும் இந்த பில்தான் காரணம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

3 கிலோவாட் நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 700 யூனிட் தரும். நிழல் விழாத 300 சதுர அடி மொட்டை மாடி போதும். மோட்டாரை விடியற்காலையில் போடும் பழக்கத்தை விட்டு நண்பகலில் ஓட்டினால் பேனல் மின்சாரம் நேராக அதற்கே போகும். பகலில் மிஞ்சுவது எந்த முறையில் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசின் வீட்டு வாரியம் ஒதுக்கிய வீடுகளில் சிக்கல் வேறு. மொட்டை மாடி அந்த வாரியத்துடையது, தனி ஆளாக விண்ணப்பித்து அலைந்து பயனில்லை. மின்பகிர்மானக் கழகமோ அரசு நிறுவனமோ பல வீடுகளைத் திரட்டி அமைக்கத் திட்ட விதியிலேயே இடம் உண்டு. அதைக் கேட்டு மனுக் கொடுப்பதே சரி. கலிபோர்னியாவில் 2015-இல் வந்த சட்டத்தின் கீழ், குறைந்த வாடகை அடுக்ககங்களுக்கு மானியம் கொடுக்கும்போது, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதம் குடியிருப்போர் பில்லில்தான் கழிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குக் கணக்கில் பங்கு பிரிக்கிறார்கள். இங்கும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2011-இல் வந்த தமிழக அரசின் பசுமை வீடுகள் திட்டம் நினைவிருக்கும். 300 சதுர அடி வீடு, 1.80 லட்ச ரூபாய், அதில் 30,000 சோலார் விளக்குகளுக்கு. நல்ல எண்ணம். ஆனால் பேட்டரி செத்தபின் மாற்ற ஆளில்லாமல் பேனல் மட்டும் மாடியில் கிடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போதைய திட்டத்தில் 5 ஆண்டுப் பராமரிப்பு வெண்டரின் கடமை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பேனல் இந்தியாவில் தயாரான செல்களால் ஆனதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மானியம் கிடைக்காது.

இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த அமைப்பு கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? காலமான தாத்தா பெயரிலோ, வீட்டை விற்றுப் போனவர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம். சங்கம் என்றால் பதிவுச் சான்று, தீர்மான நகல், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. இவை கையில் வந்த பிறகு வெண்டருக்கு முன்பணம் கொடுங்கள்.